ஒரு சோடி ஸ்பிரிங் மாத்துறதுக்கு இவ்வளவு கூத்தா?

கொழும்பில காரின்ர பின் ஸ்பிரிங் உடைஞ்சால் பிரஷர் ஏறுறது காருக்கில்லை, எங்களுக்குத்தான்.

வேலை பெரிய வேலையே இல்லை. சின்ன ஜப்பான் கார் கனக்கவில பின்னுக்கு இருக்கிறது டோர்ஷன் பீம், அதாவது பின் சில்லு ரெண்டையும் இணைக்கிற இரும்புச் சட்டம். ஸ்பிரிங் தனி, ஷொக் (துள்ளலை அடக்கிற குழாய்) தனி. முன் சில்லுகளுக்குக் கட்டை குடுக்க வேணும் (ஹாண்ட்பிரேக்கை நம்பாதேங்கோ, அது பிடிக்கிற பின் சில்லு ரெண்டும் அந்தரத்தில நிக்குது!). காரின்ர பொடிக்குக் கீழ ஸ்டாண்ட் வைச்சு, பீமுக்குக் கீழ ஜாக்கி குடுத்து, ஷொக் ரெண்டின்ரயும் கீழ்ப் போல்டைக் கழட்டி, பிரேக் ஹோஸ் இழுபடாமல் மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோட வரும். அமத்திப் பிடிக்கிற கருவியும் தேவையில்லை.

ஆனால் சாமான்? வாகனச் சாமான் கடைகள் நிறைஞ்ச பஞ்சிகாவத்தையில கடைக்குக் கடை ஒரே கேள்வி: "எந்தப் பக்கம் உடைஞ்சது?" ரெண்டும் வேணும் எண்டால் விசரனைப் பார்க்கிற பார்வை. "ஒண்டுதானே தம்பி உடைஞ்சது, ஏன் காசைக் கரியாக்கிறீங்கள்?" ஐயா, மற்றதும் இத்தனை வருசம் பாரம் சுமந்து இறங்கிப் போச்சு. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசெண்டால் கார் சரிஞ்செல்லோ நிக்கும்! பிறகு குவியலுக்குள்ள ஒண்டை இழுத்து, தூசி தட்டி, "ஜப்பான் ஒரிஜினல்" எண்டு நீட்டுவினம். அடிச் சுத்தில பெயின்ற் உரிஞ்சு புள்ளி புள்ளியாத் துரு. அதே இடத்திலதான் என்ரதும் உடைஞ்சது! கல் பட்டுப் பெயின்ற் போகும், ஈரம் ஏறும், துரு குழி பறிக்கும், குழியில இருந்து வெடிப்பு ஓடும். வெள்ளவத்தை உப்புக் காத்தில நிக்கிற காருக்கு இதையோ தாறது?

கராஜில இன்னும் மோசம். "ஸ்பிரிங்கை விடுங்கோ, இடையில ரப்பர் ஒண்டு செருகினால் உயரம் வந்திடும்." உடைஞ்ச கம்பி நுனி ரயரைக் கிழிக்கேக்க அந்த ரப்பர் வந்து மறிக்குமோ? இதுக்குள்ள "புதுக் கார் எடுங்கோவன்" எண்டு புத்தி சொல்லுற சொந்தக்காரர் வேற. 2020 மார்ச்சில நிப்பாட்டின இறக்குமதி, தனியார் வாகனத்துக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில. திறந்தும் என்ன? வரியைப் பார்த்தாலே தலை சுத்துது.

அலைஞ்சு திரிஞ்சு புதுச் சோடி ஒண்டு வாங்கியாச்சு. விலையை இங்க எழுதேல்லை, மனிசியும் இதை வாசிப்பா. இப்ப பூட்ட இடமில்லை! பிளாட் கார்ப் பார்க்கில திருத்த வேலை தடையாம். கேட்டால், எண்ணெய் சிந்துமாம். ஸ்பிரிங்கில எங்கயப்பா எண்ணெய்? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேல் வீட்டில ட்ரில் போட்டு மாபிள் உடைக்கேக்க மட்டும் உந்தக் கமிட்டிக்குக் காது கேக்காது. வெளியில ஒழுங்கையில செய்வமெண்டால் ரெண்டு பக்கமும் வாகனம், நடுவில ஹோர்ன் அடிச்சபடி ஓட்டோ. ஷொக் போல்டைக் கடைசியா இறுக்கிறதும் கார் சில்லில நிண்டாப்பிறகுதான், இல்லாட்டி போல்டைச் சுத்தி இருக்கிற புஷ் ரப்பர் முறுகிக் கிழியும். அவசரப்படுத்தினால் நடக்கிற வேலையில்லை இது.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் ஒரு காலமை ஜாக்கி போட வீட்டு முத்தத்தில இடம் தரக்கூடிய ஆக்கள் இருந்தால் சொல்லுங்கோ. ரப்பர் செருகச் சொல்லுறவை தயவுசெய்து வாயைத் திறக்க வேண்டாம்.