முதல் வண்ணப்படம் சேலத்துப் படம்

'வீரபாண்டிய கட்டபொம்மன்'தான் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் என்று ஒருவர் தம் பதிவில் எழுதியிருக்கிறார். தவறு. அது வெளிவந்தது 1959இல். எங்கள் ஊரான சேலத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ, டி.ஆர். சுந்தரம் இயக்கத்தில், 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை 1956 பொங்கலுக்கே கேவா கலர் என்ற வண்ணப்பட முறையில் வெளியிட்டுவிட்டது. கட்டபொம்மன் டெக்னிகலர் என்ற வேறொரு வண்ண முறையில் வந்ததால் இந்தக் குழப்பம் நேர்ந்திருக்கலாம். சிவாஜியின் வசன வீச்சுக்கு நானும் அடிமைதான். அதற்காக வரலாற்றை மாற்ற முடியாது.

மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' (1938) தயாரானதும் இங்கேதான். ஏற்காடு சாலையில் அந்த ஸ்டூடியோவின் நுழைவு வளைவு மட்டும் தனியாக நிற்கிறது. பஸ் அதைக் கடக்கும்போதெல்லாம், உள்ளே பானுமதியும் எம்.ஜி.ஆரும் வண்ண உடையில் நடமாடிய இடமாயிற்றே என்று ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்துக்கொண்டே போவேன். தயவுசெய்து பதிவைத் திருத்திவிடுங்கள்.