சைக்கிள்ல ஹெல்மெட் போட்டா கார் இடிக்கும்னு யாரும் நிரூபிக்கல
"ஹெல்மெட் போட்டா கார்காரன் கிட்ட வந்து இடிப்பான், ஆராய்ச்சியே சொல்லுது"ன்னு மேல போட்டிருக்கீங்க, அது அப்படி இல்லைங்க. 2006ல இங்கிலாந்துல இருக்கற பாத் யுனிவர்சிட்டி ஆராய்ச்சியாளர் இயன் வாக்கர் பண்ணதைத்தான் சொல்றீங்க, அவரே சைக்கிள்ல சென்சார் மாட்டிக்கிட்டு அவரை ஓவர்டேக் பண்ண 2,300க்கு மேல வண்டிங்க எவ்ளோ கிட்ட வந்துச்சுன்னு அளந்தாரு, ஹெல்மெட் போட்டப்போ சராசரியா ஒரு 8.5 சென்டிமீட்டர் கிட்ட வந்தாங்க, அவ்ளோதான், அப்பவும் சராசரி இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல. 2013ல அதே டேட்டாவை வேற ரெண்டு பேர் பார்த்தப்போ, ஒரு மீட்டருக்குள்ள உரசுற மாதிரி வந்த வண்டிகளுக்கும் ஹெல்மெட்டுக்கும் சம்பந்தம் தெரியல (வாக்கர் ஒத்துக்கல, அது தனி சண்டை). 2016ல பல நாட்டு ஆய்வுகளை சேர்த்துப் பார்த்ததுல, சைக்கிள் விபத்துல மாட்டினவங்கள்ல ஹெல்மெட் போட்டவங்களுக்கு பலமான தலைக்காயம் வர்ற வாய்ப்பு 69% குறைவு. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்குற சட்டம் வேண்டாம்னு நீங்க சொன்னா அது வேற, அதுல நானே உங்க பக்கம்தான்.