சைலன்சர் போட்டாலும் துப்பாக்கி சத்தம் போடும்

2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் துப்பாக்கிக் குழல் முனையில் மாட்டும் சைலன்சர் வாங்க 200 டாலர் வரி கட்ட வேண்டாம். 1934-இல் போட்ட வரி அது. அன்றைய 200 டாலர் இன்றைய மதிப்பில் 4,000 டாலருக்கும் மேல். 'வாங்காதே' என்பதைத்தான் வரி என்ற பெயரில் எழுதி வைத்திருந்தார்கள். தொகையை யாரும் ஏற்றவில்லை. விலைவாசி ஏற ஏற அதன் முனை தானாகவே மழுங்கிப் போய், இப்போது பூஜ்யம்.

இதை ஒட்டி வழக்கமான சண்டை மறுபடி ஆரம்பித்திருக்கிறது. 'இது காதைக் காக்கும் கருவி, அவ்வளவுதான்' என்கிறது ஒரு தரப்பு. 'இனி கொலைகாரன் சத்தமே இல்லாமல் சுட்டுவிட்டுப் போய்விடுவான்' என்கிறது இன்னொரு தரப்பு. இரண்டு பேரும் பாதிதான் சொல்கிறார்கள் என்பது என் கட்சி.

சத்தக் கணக்கை முதலில் பார்த்துவிடலாம். ஒரு ரைஃபிள் சுடும்போது சுடுபவரின் காதருகே 160 டெசிபெல்லையும் தாண்டும். 140-க்கு மேல் போனால் ஒரே ஒரு வெடிச் சத்தம்கூட உள்செவியை நிரந்தரமாகக் கெடுக்கலாம். நல்ல சைலன்சர் குறைப்பது 20-இலிருந்து 35 டெசிபெல் வரை. கழித்துப் பாருங்கள், மிச்சம் 130 சொச்சம். ஆம்புலன்ஸ் சைரனைப் பக்கத்தில் நின்று கேட்பதைவிட அதிகம். சினிமாவில் தலையணைக்குள் தும்மியது மாதிரி வருகிற அந்தச் சத்தத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அதற்காக 30 டெசிபெல் சும்மா என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அளவுகோலில் பத்து டெசிபெல் கூடினால் ஆற்றல் பத்து மடங்கு. 30 குறைந்தால் ஒலியின் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்காகிறது. காது பிழைப்பதற்கும் கெடுவதற்கும் நடுவில் இருக்கும் தூரம் அதுதான்.

ஏன் முழுதாக அடங்குவதில்லை? துப்பாக்கிச் சத்தம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. தோட்டாவின் பின்னாலேயே குழல் முனையில் பீறிட்டு வெளியேறும் வாயு எழுப்புவது ஒரு சத்தம். சைலன்சரின் வேலை அதோடு மட்டும்தான். உள்ளே அடுக்கடுக்காக இருக்கும் தடுப்புத் தகடுகள் வாயுவைச் சுழலவிட்டு, ஆறவிட்டு, மெதுவாக வெளியே அனுப்புகின்றன. ஊதிய பலூனைக் குத்தி வெடிப்பதற்கும் வாயைத் தளர்த்திக் காற்றை விடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஆனால் தோட்டா ஒலியைவிட வேகமாகப் போனால் காற்றைக் கிழித்துக்கொண்டு 'டப்' என்று இன்னொரு சத்தம் எழும். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். ராணுவ ரைஃபிள் தோட்டா 900 மீட்டரை எட்டும். அந்தச் சத்தம் வழி நெடுகத் தோட்டாவோடு கூடவே போகிறது. குழல் முனையில் எதை மாட்டினாலும் அதை அடக்க முடியாது.

நிஜமாகவே ஓசையை ஒடுக்க நினைத்தவர்கள் அதனால்தான் தோட்டாவின் வேகத்திலும் துப்பாக்கி இயங்கும் விதத்திலுமே கை வைத்தார்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் ரகசியப் படைகளுக்காகச் செய்த வெல்ராட் பிஸ்டலில் ஒவ்வொரு முறை சுட்ட பிறகும் பின்பக்கத்தைக் கையால் திருகி இழுத்து அடுத்த தோட்டாவை ஏற்ற வேண்டும். தானாக இயங்கும் பாகங்கள் எழுப்பும் கடகடப்பும் கூடாது என்பதால் இந்த ஏற்பாடு. டி லைல் கார்பைன் என்ற குட்டை ரைஃபிள், இயல்பிலேயே மெதுவாகப் போகும் .45 பிஸ்டல் தோட்டாவைப் பயன்படுத்தியது. ஜெர்மானிய எம்பி5எஸ்டி என்ற சப்-மெஷின் கன்னில் குழலிலேயே துளைகள் போட்டு வாயுவை முன்னதாகக் கசியவிட்டு, சாதாரணத் தோட்டாவையே ஒலியின் வேகத்துக்குக் கீழே இறக்கினார்கள். இவையெல்லாம் சிறிய, தனி வேலைக்கான ஆயுதங்கள். வேகம் குறைந்தால் எட்டும் தூரமும் குறையும், சும்மா எதுவும் கிடைக்காது.

இன்றைய ராணுவங்கள் சைலன்சரைத் தேடுவது வேறு காரணத்துக்காக. அமெரிக்க மரைன் படை 2020 கடைசியிலிருந்து காலாட்படை ரைஃபிள்களுக்கெல்லாம் சைலன்சர் கொடுக்கத் தொடங்கியது. 2022-இல் அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்த புதிய 6.8 மில்லிமீட்டர் ரைஃபிள் சைலன்சரோடு சேர்த்தே வடிவமைக்கப்பட்டது. ஒரு குழு முழுக்கச் சுட்டுக்கொண்டிருக்கும்போது தலைவர் கத்துவது பக்கத்து ஆளுக்கே கேட்காது. கேட்காத கட்டளை கட்டளையே இல்லை. அப்புறம், எதிரி எப்படி உங்களைக் கண்டுபிடிக்கிறான்? முதலில் தோட்டாவின் 'டப்', பிறகு தூரத்திலிருந்து குழலின் 'தும்'. இரண்டுக்கும் இடையே உள்ள நேரத்தை வைத்து, பழகிய சிப்பாய் தூரத்தைக் கணிப்பான், இரண்டாவது சத்தத்தை வைத்துத் திசையைப் பிடிப்பான். அந்த இரண்டாவது சத்தம் மங்கிவிட்டால் சுடுகிறார்கள் என்று தெரியும், எங்கிருந்து என்று தெரியாது. இரவில் முனையில் தெறிக்கும் நெருப்பும், தரையில் படுத்துச் சுடும்போது கிளம்பும் புழுதியும் இதனால் குறைகின்றன.

காது விஷயம் இதற்கெல்லாம் மேல். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்கள் இழப்பீடு பெறும் குறைபாடுகளில் முதலிடத்தில் இருப்பது காது இரைச்சல். குண்டடி பட்டதல்ல, கால் போனதல்ல. ராத்திரி படுத்தால் தலைக்குள் நிற்காமல் ஒலிக்கும் அந்த 'கீ...'

தொல்லைகளும் உண்டு, விற்பவர்கள் அதை அவ்வளவாகச் சொல்வதில்லை. அடைபட்ட வாயு போக வழியில்லாமல் பின்னால் திரும்பி, ரைஃபிளின் திறப்பு வழியாகச் சுடுபவர் முகத்திலேயே அடிக்கும். காலித் தோட்டா வலப்பக்கம் விழும் துப்பாக்கியை இடதுகைக்காரர் பிடித்தால் அந்தப் புகை நேரே அவர் கண்ணுக்கும் மூக்குக்கும். கூடவே ஈயத் துகளும் வரும். வேகமாக நிறையச் சுட்டால் சைலன்சர் கை வைக்க முடியாதபடி கொதிக்கும். அதிலிருந்து எழும் வெப்பக் காற்றில் தொலைநோக்கியில் தெரியும் இலக்கே தளதளவென்று ஆடும். முனையில் கூடுதல் எடை, கூடுதல் நீளம் வேறு.

சரி, பொதுமக்கள் கையில்? இங்கேதான் எனக்கு இந்த விஷயம் சுவாரசியமாகிறது. நார்வே, ஃபின்லாந்து, நியூசிலாந்து போன்ற நாடுகளில் துப்பாக்கி லைசென்ஸ் உள்ளவர் சைலன்சர் வாங்குவது பெரிய காரியமில்லை. வேட்டைக்காரருக்குக் காது தப்புகிறது, நாய்க்கும் தப்புகிறது, அக்கம்பக்கத்தாருக்கு எரிச்சல் குறைகிறது. ஜெர்மனி 2020-இல் நாடு முழுக்க வேட்டை உரிமம் உள்ளவர்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. இந்த நாடுகளில் சல்லடை துப்பாக்கியிடம் இருக்கிறது. ஆளை விசாரித்து, பரிசோதித்துத்தான் ஆயுதத்தைக் கொடுக்கிறார்கள். அதைத் தாண்டி வந்தவரிடம் சைலன்சருக்காக மல்லுக்கட்ட அவசியமில்லை.

அமெரிக்காவில் கதை தலைகீழ். பல மாநிலங்களில் ரைஃபிளைக் கடைக்குப் போன அன்றே வாங்கி வரலாம். அதன் முனையில் மாட்டும் குழாய்க்கு மட்டும் கைரேகை, புகைப்படம், மத்திய அரசின் பதிவு. பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துப்பாக்கிச் சட்டம் செய்யாத வேலையை அங்கே சைலன்சர் சட்டம் அரைகுறையாகவாவது செய்துகொண்டிருந்தது. 2019-இல் வர்ஜீனியா பீச்சில் 12 பேரைக் கொன்றவர் சைலன்சர் மாட்டிய .45 பிஸ்டலை வைத்திருந்தார். கேட்டது துப்பாக்கிச் சத்தம் என்றே உடனே புரியவில்லை என்று தப்பியவர்கள் சிலர் சொன்னார்கள். 130 டெசிபெல் பலத்த சத்தம்தான். ஆனாலும் ஒரு கட்டடத்தின் அடுத்த மாடியில் இருப்பவருக்கு ஓடவா, இருக்கவா என்று முடிவெடுக்க அடையாளம் தெரிந்த சத்தம் வேண்டும். இத்தகைய குற்றங்கள் மொத்தத்தில் அரிது என்பதும் உண்மை. அரிதாக இருப்பதற்கு அந்தப் பதிவு முறையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை வரி ஒழிப்பைக் கொண்டாடுபவர்கள் யோசிப்பதே இல்லை.

இதைக் கண்டுபிடித்தவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மாக்சிம் மெஷின் கன்னைச் செய்த ஹைரம் ஸ்டீவன்ஸ் மாக்சிமின் மகன், ஹைரம் பெர்சி மாக்சிம். 1909-இல் காப்புரிமை பெற்றார். அப்பாவுக்கு வயதான காலத்தில் காது சுத்தமாகக் கேட்காது. அப்பா உலகத்துக்குச் சத்தத்தைக் கொடுத்தார், மகன் அதை அடக்கப் பார்த்தார். அதே ஆள் இன்ஜின் சத்தத்தை அடக்குவதிலும் வேலை செய்தவர்.

வரி போனதில் எனக்கு வருத்தமில்லை. காசு உள்ளவனுக்கு ஒரு சட்டம், இல்லாதவனுக்கு ஒரு சட்டம் என்று இருந்தது அது. பதிவு இன்னும் இருக்கிறது. ஆனால் 1937-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்த 1934 சட்டம் செல்லும் என்று சொன்னது, வரி விதிக்கும் அதிகாரத்தை வைத்துத்தான். வரியே இல்லாதபோது பதிவு மட்டும் எப்படி நிற்கும் என்று கேட்டு துப்பாக்கி ஆதரவு அமைப்புகள் வழக்குப் போட்டிருக்கின்றன. அதில் அவர்கள் தோற்க வேண்டும் என்பது என் விருப்பம். ஃபின்லாந்து மாதிரி சைலன்சர் வேண்டுமென்றால், ஃபின்லாந்து மாதிரி துப்பாக்கி லைசென்ஸையும் முதலில் கொண்டு வரட்டும்.