அந்த அம்மா எழுந்து நிற்காததில் என்ன குற்றம்?

அந்த கானாவூர் வீடியோவை இன்னும் பார்க்காதவர்கள் தயவுசெய்து தேடிப் போய்ப் பார்க்காதீர்கள். பார்த்தவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. இயேசு கல்யாண வீட்டில் தண்ணீரைத் திராட்சரசமாக்கிய ஊர் கானா; அங்குள்ள ஆலயத்தில் நம் திருப்பயணக் குழு ஒன்று தம்பதிகளைத் திருமண வாக்கைப் புதுப்பிக்க வைத்தபோது எடுத்த வீடியோ அது. நாலு நாளாக எந்த வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் அதுதான் ஓடுகிறது. "எல்லாத் தம்பதிகளும் எழுந்து கையைப் பிடித்து உடன்படிக்கையைப் புதுப்பியுங்கள்" என்று குழுத் தலைவர் சொல்கிறார். அந்த அம்மா தலையை அசைத்து மறுத்துவிட்டு உட்கார்ந்தே இருக்கிறார். சத்தம் போடவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதற்கு மைக்கில் "விசுவாசக் குறைவு" என்ற பட்டம். பின்னால் சிரிப்பு. அந்தச் சிரிப்பை என்னால் மறக்க முடியவில்லை.

திருப்பயணக் குழுக்களில் காதில் மாட்டும் ரிசீவர் கொடுப்பார்கள். தலைவர் மெதுவாகப் பேசினாலும் அத்தனை பேர் காதுக்குள்ளும் நேராகப் போகும். அந்த வார்த்தை அப்படித்தான் போனது. அந்த அம்மாவின் காதிலும் அதே கருவிதான் இருந்தது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கானாவூரில் ஒரு வீட்டின் மானம் காப்பாற்றப்பட்டது. அதே ஊரில் நின்றுகொண்டு ஒரு பெண்ணின் மானத்தை வாங்கியிருக்கிறீர்கள்.

யோவான் 2-ம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். கல்யாண வீட்டில் திராட்சரசம் தீர்ந்துபோனது. அந்தக் காலத்து யூதக் கல்யாணம் ஏழு நாள் விருந்து. பந்தி நடுவில் தீர்ந்தால் அந்த வீட்டுக்கு எவ்வளவு பெரிய தலைகுனிவு என்று நம் ஊர்க் கல்யாண வீட்டுக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மரியாள் அதைப் பந்தியில் எழுந்து நின்று அறிவிக்கவில்லை. "அவர்களுக்குத் திராட்சரசம் இல்லை" என்று மகன் இயேசுவிடம் மட்டும் சொன்னாள். அவரும் மணமகனைக் கூப்பிட்டு ஏன் போதுமான அளவு வாங்கி வைக்கவில்லை என்று கேட்கவில்லை. வேலைக்காரரிடம் சாடிகளைத் தண்ணீரால் நிரப்பச் சொன்னார்.

ஆறு கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று நம் வேதாகமத்தில் இருக்கிறது. மூலத்தில் ஒரு குடம் என்பதற்கு உள்ள அளவு ஏறக்குறைய 39 லிட்டர். கணக்குப் போட்டால் மொத்தம் 470 முதல் 700 லிட்டர் வரை வரும். நம் வீட்டு 15 லிட்டர் குடத்தில் சுமந்தால் குறைந்தது 32 நடை, கூடினால் 47 நடை. அவ்வளவு தண்ணீரையும் யாரோ சில வேலைக்காரர்கள் சத்தமில்லாமல் ஊற்றி முடித்தார்கள். பந்தி விசாரிப்புக்காரனுக்கே விஷயம் தெரியாது; அவன் மணமகனைக் கூப்பிட்டுப் பாராட்டுகிறான். மணமகள் பெயர் இல்லை, மணமகன் பெயர் இல்லை, யார் வீடு என்றும் இல்லை. குறை இருந்தது, தீர்ந்தது, பந்தியில் யாரும் அறிவிக்காமல் தீர்ந்தது. கானாவூர் கல்யாணத்திலிருந்து திருமண வாழ்க்கைக்குப் பாடம் எடுப்பதென்றால் அங்கிருந்துதான் எடுக்க வேண்டும்.

கானாவுக்கு வரும் குழுக்கள் பெரும்பாலும் அதே நாளில் நாசரேத்தையும் பார்க்கும். நடுவில் ஏழெட்டுக் கிலோமீட்டர்தான். இடையில் ரெய்னே என்ற ஊர். அதன் பக்கத்தில் ரோமர் காலத்தில் சுண்ணாம்புக்கல்லைக் குடைந்து பாத்திரம் செய்த பட்டறையைத் தோண்டி எடுத்து 2017-ல் அறிவித்தார்கள். கல் பாத்திரம் தீட்டுப்படாது என்பது யூத முறைமை, அதனால்தான் சுத்திகரிப்புக்குக் கற்சாடி. வழிகாட்டிகள் இதையெல்லாம் நன்றாக விளக்குவார்கள். நாசரேத்தில் அறிவிப்புப் பேராலயத்தை ஒட்டியே யோசேப்பு ஆலயம் இருக்கிறது. பத்து நிமிடம் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். அங்கே மத்தேயு 1:19-ஐ வாசித்திருக்க வேண்டும். மரியாள் கர்ப்பவதி என்று அறிந்த யோசேப்பு நீதிமானாயிருந்து, "அவளை அவமானப்படுத்த மனதில்லாமல்" என்று எழுதியிருக்கிறது. தேவதூதன் வருவதற்கு முன்னால், உண்மை என்னவென்று தெரிவதற்கு முன்னால் அவன் எடுத்த முடிவு அது. தான் ஏமாற்றப்பட்டதாக நினைத்திருந்த நேரத்திலும் அவளை ஊர் முன் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. வேதம் அவனை நீதிமான் என்கிறது.

நாசரேத்துக்குப் போய்வந்து மூன்று மணி நேரத்துக்குள் கானாவில் ஒரு பெண்ணை நாற்பது பேர் முன்னால் நிறுத்தினால் நாசரேத்தில் என்ன பார்த்தோம்?

இப்போது "நல்ல நோக்கத்தில்தானே செய்தார்" என்பவர்களுக்கு வருகிறேன். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். உடன்படிக்கையைப் புதுப்பிப்பது அழகான வழக்கம், அதை நான் எதிர்க்கவில்லை. எத்தனையோ தம்பதிகள் அந்த ஆலயத்தில் கண்கலங்கி நின்றதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் மனைவியைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிடாதவர்கள் அங்கே கையைப் பிடித்திருக்கிறார்கள். ஆனால் அது என்ன, என்ன இல்லை என்பதைத் தெளிவாகச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் அது திருவருட்சாதனம் இல்லை. திருமணம் ஒருமுறை செல்லுபடியாக நடந்துவிட்டால் நடந்ததுதான், மறுபடி நடத்த முடியாது. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே எதில் இருந்தாலும் பலிபீடத்தின் முன் கொடுத்த வாக்கு காலாவதி ஆவதில்லை. எழுந்து நிற்காததால் அந்த அம்மாவின் திருமணம் குறைந்துவிடவில்லை, நின்றவர்களின் திருமணம் கூடிவிடவும் இல்லை. வாக்கைப் புதுப்பித்தவர்கள் கையில் கொடுக்கும் சான்றிதழும் நினைவுக்கு வைத்துக்கொள்ளும் தாள்தான். 1872-ம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி உங்கள் சபைப் பதிவேட்டில் இருப்பதுதான் ஆதாரம். இதைச் சொல்லக் காரணம், அந்தத் தாளை பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு.

அதோடு, வாக்குக் கொடுப்பதைப் பற்றி வேதம் என்ன சொல்கிறது? பிரசங்கி 5:5: "நீ நேர்ந்துகொண்டதைச் செய்யாமற்போவதைப்பார்க்கிலும், நேர்ந்துகொள்ளாதிருப்பதே நலம்." மனம் ஒப்பாமல், கேமராவுக்காக, கர்த்தர் பேரைச் சொல்லி வாக்குக் கொடுப்பதா விசுவாசம்? உள்ளதை உள்ளதென்றும் இல்லதை இல்லதென்றும் சொல்லச் சொன்னவர் நம் ஆண்டவர். அந்த இடத்தில் அந்தக் கட்டளைக்கு முழுதாகக் கீழ்ப்படிந்தவர் அந்த அம்மாதான்.

"தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று, மனைவியை விலக்கிவிடுவதைப் பற்றிய மல்கியா 2:16-ஐ நூறு பேர் கமென்ட்டில் போட்டிருக்கிறீர்கள். வசனத்தைப் பாதியில் நிறுத்தாதீர்கள். அதே வசனத்தில் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் கர்த்தர் சொல்கிறார். அதை ஏன் ஒருவரும் போடவில்லை? அந்த வீட்டில் கொடுமை நடந்தது என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரியாத வீட்டைப் பற்றித் தீர்ப்பு எழுத வேண்டாம் என்றுதான் கெஞ்சுகிறேன். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமே 1153-ம் பிரிவில், வாழ்க்கைத் துணையால் உடலுக்கோ ஆன்மாவுக்கோ பெரும் ஆபத்து என்றால் பிரிந்து வாழ நியாயமான காரணம் உண்டு என்கிறது. அவ்வளவு கண்டிப்பான சபையே அப்படி ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. நாம் ஒரு பெண் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைக்கூடத் தாங்கிக்கொள்ள மாட்டோம் என்கிறோம்.

"அது உண்மையான கானாவே இல்லை, வேறு இடம்" என்று ஒருவர் எழுதியிருந்தார். வேதத்தில் வரும் கானா, கிர்பெத் கானா என்ற வேறொரு இடம்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. இங்கே அதற்கு வேலை இல்லை.

"பொது இடத்தில் கணவனை அவமதித்துவிட்டாள்" என்பதுதான் அதிகம் வந்த குற்றச்சாட்டு. அவளைப் பொது இடத்தில் கேட்டது யார்? பொது இடத்தில் கேட்டுவிட்டுப் பொது இடத்தில் பதில் சொன்னாள் என்று குறை சொல்வது எந்த ஊர் நியாயம்? சமாரியப் பெண்ணுக்கு ஐந்து புருஷர் இருந்தார்கள். இயேசு அதைப் பேசியபோது யாக்கோபின் கிணற்றடியில் வேறு ஒருவரும் இல்லை. சீஷர்கள் போஜனம் வாங்க ஊருக்குள் போயிருந்தார்கள். அவர்கள் திரும்பி வந்தபோதும் ஏன் அவளுடனே பேசுகிறீர் என்று ஒருவரும் கேட்கவில்லை என்று யோவான் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் சீஷர்களுக்கு இருந்த நாகரிகம் நமக்கு இல்லாமல் போனதே.

இந்தப் பயணங்களில் யார் யார் வருகிறார்கள் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அரசு உதவித்தொகையில் வரும் கன்னியாஸ்திரீகள் இருப்பார்கள். மகன் அனுப்பி வைத்த கைம்பெண்கள் இருப்பார்கள். திருமணம் ஆகாதவர்கள், கணவன் வெளிநாட்டில் இருப்பவர்கள், பிரிந்து வாழ்பவர்கள் இருப்பார்கள். எனக்குத் தெரிந்த ஓர் அக்கா, கணவரை இழந்து இரண்டு வருடம் ஆகாதவர், இதே கானாவில் படம் சரியாக வர வேண்டும் என்று வெளியே போய் நிற்கச் சொல்லப்பட்டார். கடைத்தெரு வெயிலில் நின்றுகொண்டு உள்ளே எல்லோரும் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஊருக்கு வந்ததும் அவர் எருசலேமைப் பற்றியோ கலிலேயாக் கடலைப் பற்றியோ பேசவில்லை, அதைத்தான் சொன்னார். பெத்லகேமில் பால் குகையிலும் இதே கதை. பிள்ளைக்காக ஜெபிக்கும் இடம் அது, அந்த வெள்ளைக்கல் பொடியை நம்பிக்கையோடு வாங்கிப் போகிறார்கள். "பிள்ளை இல்லாதவர்கள் முன்னால் வாருங்கள்" என்று பேருந்து முழுக்கக் கேட்கும்படி கூப்பிடுவார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்குக்கூடச் சொல்லாமல் பத்து வருடம் சுமந்த வேதனையை ஒரு நொடியில் எல்லோருக்கும் தெரிய வைத்துவிடுவார்கள். போகிறவர் தானாகப் போய் முழங்காலில் நிற்க மாட்டாரா?

குழு நடத்துகிறவர்களுக்கு இது கஷ்டமான காரியம் இல்லை. முந்தின இரவு திபேரியாவிலோ நாசரேத்திலோ ஓட்டலில் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். கணவனுக்கு ஒன்று, மனைவிக்கு ஒன்று, தனித்தனியாக. சீட்டைக் குழுத் தலைவரே வாங்க வேண்டும், உதவியாளரிடம் விடக் கூடாது. இருவரும் சரி என்றால் மட்டும் பெயர். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள், மற்றவரிடம் யார் மறுத்தது என்றும் சொல்லாதீர்கள்; "நேரம் போதவில்லை, சிலரை மட்டும் அழைக்கிறோம்" என்று பொதுவாக அறிவியுங்கள். அது பொய்யும் இல்லை. அந்த ஆலயத்தில் ஒரு குழுவுக்குக் கிடைப்பது குறைந்த நேரம், அடுத்த குழு வாசலில் காத்திருக்கும். பேருந்தை மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டுச் சந்து வழியே நடக்கும்போதே கால்வாசி நேரம் போய்விடும். வாக்கு வாசிக்க ஐந்து நிமிடம் போதும். மீதி நேரத்தைத் தின்பது போட்டோவும் வீடியோவும்தான். அதை நிறுத்துங்கள். தாலியை மறுபடி கட்டுவது போல நடிக்கச் சொல்வதை முதலில் நிறுத்துங்கள். கடைசியில் குழுவில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே ஆசீர்வாதம் சொல்லுங்கள், கைம்பெண்களையும் சேர்த்து, உள்ளே வைத்து.

உண்மையில் தம்பதிகளுக்கு உதவ வேண்டுமானால் கானாவின் அரை மணி நேரத்தை விட மீதிப் பத்து நாளைக் கவனியுங்கள். விடியற்காலை எழுப்பு, எல்லையில் மணிக்கணக்கில் வரிசை, சர்க்கரை மாத்திரை ஒரு பெட்டியில், ஆள் இன்னொரு பேருந்தில். ஐந்தாம் ஆறாம் நாளில் சண்டை வராத தம்பதி குறைவு. எருசலேமில் இயேசு சிலுவை சுமந்த வழியான வியா டோலோரோசாவில் தேய்ந்து வழுக்கும் கல்லில் முட்டிவலிக்கார மனைவி பின்தங்கிவிடுவார், கணவர் கொடி பிடித்தவரோடு முன்னால் போய்விடுவார். சீனாய் மலையில் நடுராத்திரி ஏற்றம், கடைசியில் 750 படி. ஒருவரால் முடியாது, இன்னொருவர் ஏறியே தீருவேன் என்பார். "முடியாதவரோடு துணைவரும் கீழே இருக்கலாம், அதில் குறைவொன்றும் இல்லை" என்று தலைவர் முதல் நாள் இரவே ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாரும் சொல்வதில்லை. கீழ்ப்படிதலைப் பற்றி மட்டும் சொல்கிறார்கள். அதுவும் மனைவிகளுக்கு மட்டும். எபேசியர் 5:22-ஐ மைக்கில் வாசிப்பவர்கள், ஒருவருக்கொருவர் கீழ்ப்படியச் சொல்லும் 21-ம் வசனத்தை விட்டுவிட்டுத்தான் தொடங்குகிறார்கள். புருஷர்கள் தங்களையே ஒப்புக்கொடுக்கும்படி அன்புகூரச் சொல்லும் 25-க்கு வருவதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிடுகிறது. வருடக்கணக்காக இதையே கேட்டு உட்கார்ந்திருக்கும் பெண்களில் ஒருத்தி ஒருநாள் எழுந்து நிற்கவில்லை. அதற்கு இவ்வளவு ஆத்திரமா?

திருப்பயணத்தைக் கேவலப்படுத்துகிறேன் என்று எழுதுவீர்கள். எழுதுங்கள். அந்த மண்ணை நேசிப்பதால்தான் இத்தனை வரி எழுதினேன்.

குழுத் தலைவர் ஐயா, உங்களை எனக்குத் தனிப்பட்ட முறையில் தெரியாது, பெயரைச் சொல்லவும் போவதில்லை. "தவறாகப் புரிந்துகொண்டார்கள்" என்று நீங்கள் போட்ட விளக்கத்தைப் படித்தேன். அதில் மன்னிப்பு என்ற வார்த்தை இல்லை. விசுவாசக் குறைவு என்று சொன்னது எத்தனை காதுகளுக்குப் போனதோ, அத்தனை காதுகளுக்கும் போகும்படி மன்னிப்புக் கேளுங்கள். அந்த அம்மாவின் அனுமதி இல்லாமல் அவர் பெயரைச் சொல்லாமல் கேளுங்கள். வீடியோவைத் தன் போனில் வைத்திருக்கும் மற்றவர்கள் இன்றைக்கே அழித்துவிடுங்கள். குழுவில் அனுப்பியவர்கள் "எல்லோருக்கும் நீக்கு" என்பதை அழுத்துங்கள். நேரம் கடந்துபோய் அது வேலை செய்யாவிட்டால் அட்மினிடம் சொல்லி எடுக்கச் சொல்லுங்கள். இந்தப் பதிவின் கீழ் யாராவது அதன் இணைப்பைப் போட்டால் கேட்காமலே நீக்குவேன்.