வேலூர் மலைகளுக்கும் அந்த நிதியில் பங்கு வேண்டும்

அழிந்துவரும் நான்கு உயிரினங்களைக் காக்கத் தமிழக அரசு 2025ல் 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சிங்கவால் குரங்கு, கழுதைப்புலி, மஹ்சீர் மீன், அப்புறம் நம்ம முள்ளெலி. முள்ளெலிக்கு மட்டும் 20.5 லட்சம். படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. காட்டு விலங்குக்குக் காசு என்றாலே யானை, புலிதான் என்று இருந்தது. வரையாட்டுக்கு 25.14 கோடியில் தனித் திட்டமே வந்தது, நல்ல விஷயம். ஆனால் முள்காட்டில் ராத்திரி பூச்சி தேடித் திரியும் கையளவு பிராணியையும் அரசு கணக்கில் எடுத்திருக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிசு.

அதனால்தான் கேட்கிறேன், எங்கள் பக்கமும் கொஞ்சம் பாருங்கள். குடியாத்தம், பேரணாம்பட்டு, ஒடுகத்தூர் என எங்கே நின்று பார்த்தாலும் மலைதான். ஆந்திராவின் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து எல்லை தாண்டி யானை வந்தால் செய்தியாகிறது. உடும்பும் எறும்புதின்னியும் நட்சத்திர ஆமையும் செய்தியில் வருவதில்லை. இந்த முள்காட்டைத் தரிசு என்றே பலரும் நினைக்கிறார்கள்.

இவற்றுக்கு எமன் தீ. மாசி, பங்குனியில் மஞ்சம்புல் காய்ந்து கிடக்கும். மழைக்குப் பிறகு ஆட்டுக்குப் புதுப்புல் வரும் என்று யாரோ கொளுத்துவார்கள், இல்லையென்றால் ஒரு பீடித்துண்டு போதும். ராத்திரியில் மலைமேல் மாலை போட்டதுபோல் தீ ஓடுவதை ஊரே மாடியில் நின்று பார்க்கும். மான் ஓடிவிடும். ஆமை எங்கே ஓடும்? எறும்புதின்னி பயந்தால் சுருண்டு உருண்டையாகிவிடும். புலிப் பல்லுக்கே அசையாத அந்த ஓடு நெருப்புக்கு என்ன செய்யும்? இரண்டு வருஷம் முன்பு, தீ அணைந்த சரிவில் வெந்த ஆமை ஓடு ஒன்றை என் கையில் எடுத்திருக்கிறேன். இன்றைக்கும் கண்ணை விட்டு அகலவில்லை.

சிறு உயிர்களுக்கான நிதியில் ஒரு பங்கைத் தீத்தடுப்புக்குக் கொடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. வரவேற்பு வளைவும் விளம்பரப் பலகையும் வேண்டாம். தீ தாண்டாதபடி புல்லை அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்டவும், கோடை நான்கு மாதமும் மலையடிவார ஊர்களிலிருந்தே காவலுக்கு ஆள் போடவும், அவர்களுக்கு மாதம் தவறாமல் சம்பளம் தரவும் செலவழியுங்கள். எந்தப் பாறை இடுக்கில் என்ன இருக்கிறது என்று ஆடு மேய்ப்பவர்களுக்குத் தெரியும். அவர்களையே கூப்பிடுங்கள், தீ வைப்பதும் தானாகக் குறையும். தை மாதத்துக்குள் கோடு வெட்டி முடிக்க வேண்டும். பங்குனியில் பணம் வந்தால் சாம்பலைத்தான் எண்ணலாம்.