சீடை வெடிக்கும் என்று எழுத ஒரு வரி கிடையாதா?

கோகுலாஷ்டமி வந்தாலே சீடைச் செய்முறைகள் குவிகின்றன. எல்லாவற்றிலும் அதே வரிதான்: ‘சிறு உருண்டைகளாக உருட்டி, சூடான எண்ணெயில் பொரித்தெடுக்கவும்.’ அவ்வளவுதானா? சீடை வெடிக்குமே! கொதிக்கிற எண்ணெய் கையிலும் முகத்திலும் தெறிக்குமே! அதை யார் சொல்வது?

அளவும் இப்படித்தான். ‘கொஞ்சம் வெண்ணெய்’ என்றால் எவ்வளவு? ஒரு கப் அரிசி மாவுக்கு ஒரு மேசைக்கரண்டி என்று எழுதினால் கை வலிக்குமா? கூடினால் எண்ணெயில் போட்டதும் உதிர்கிறது. குறைந்தால் கல்லாகிறது. உளுத்தம் மாவு வேண்டுமாம், உளுந்தைச் சிவக்க வறுத்து அரைக்கணும் என்பது மட்டும் வராது.

வெடிப்பது ஏதோ கைராசிக் குறைவு இல்லை. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிறது; மேல்தோல் இறுகிவிட்டதால் வெளியே வர வழியில்லை. அப்புறம் வெடிக்காமல் என்ன செய்யும்? இரண்டு மாவையும் சலித்தீர்களா, தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்தீர்களா, உப்பைக் கரைத்து வடிகட்டினீர்களா, உருண்டையைத் துணியில் கொஞ்ச நேரம் காயவிட்டீர்களா, ஊசியால் குத்தினீர்களா? ஒன்றையும் கேட்பதில்லை. போதாக்குறைக்கு ‘விரிசல் இல்லாமல் வழுவழுவென்று அழுத்தி உருட்டவும்’ என்று வேறு எழுதுகிறார்கள். அதுதானே வெடிக்கவே வைக்கிறது!

அடுத்து ‘பொன்னிறமாகும் வரை’. தீ கூடினால் வெளியே சிவந்து உள்ளே மாவாகவே நிற்கும். சலசலப்பு அடங்கும்வரை மிதமான தீயில் விடுங்கள் என்று சொல்ல எத்தனை வார்த்தை ஆகிவிடும்? படத்துக்கு மட்டும் பித்தளைத் தட்டு, துளசி இலை!