'ஏஞ்சல்' முதல் சீசனைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

'ஏஞ்சல்' டிவி தொடரைப் பார்க்கலாமென்று யாராவது கிளம்பினால் உடனே ஓர் அறிவுரை வந்துவிடும்: "முதல் சீசன் சுமார்தான், நேராக இரண்டாவதுக்குப் போ." இந்த அறிவுரை தவறு என்று அழுத்தமாகவே சொல்வேன். முதல் சீசனில் பலவீனமான எபிசோடுகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் ஒரு வேம்பயர் (ரத்தக் காட்டேரி) டிடெக்டிவாக வேலை பார்ப்பது என்றால் என்ன என்பதை ஐந்து சீசன்களில் இந்த ஒன்றுதான் உட்கார்ந்து யோசித்திருக்கிறது. பிறகு வந்தவை குடும்பக் கதை, தீர்க்கதரிசனக் கதை, அலுவலகக் கதை என்று வேறு திசைகளுக்குப் போய்விட்டன. (இதற்குமேல் கதை முழுக்க உடைபடும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

சுருக்கமாகப் பின்னணி. ஜாஸ் வீடனும் டேவிட் கிரீன்வால்ட்டும் உருவாக்கிய தொடர். 1999 அக்டோபர் 5 அன்று அமெரிக்காவின் டபிள்யூபி சேனலில் தொடங்கி 2000 மே 23 வரை 22 எபிசோடுகள். 'பஃபி த வேம்பயர் ஸ்லேயர்' மூன்றாம் சீசன் முடிவில் காதலி பஃபி (வேம்பயர்களை வேட்டையாடுபவள்) வாழும் சன்னிடேல் ஊரை விட்டுப் போன ஏஞ்சல், லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் ஒரு துப்பறியும் அலுவலகம் திறக்கிறான். 1753இல் அயர்லாந்தின் கால்வேயில் டார்லா என்ற வேம்பயர் கடித்து வேம்பயரானவன். 1898இல் ஜிப்சிகளின் சாபத்தால் ஆன்மாவைத் திரும்பப் பெற்று, செய்த கொலைகள் ஒவ்வொன்றையும் சுமப்பவன். முழு மகிழ்ச்சியை ஒரு கணம் உணர்ந்தாலும் ஆன்மா போய்விடும், ஆன்மா இல்லாத பழைய கொடூரன் ஏஞ்சலஸ் திரும்பி வந்துவிடுவான். வேம்பயர் டிடெக்டிவ் என்பது புது யோசனை அல்ல. டொரண்டோவை வைத்து 'ஃபாரெவர் நைட்' 1992லேயே வந்துவிட்டது. ஆனால் அதன் நாயகன் போலீஸ்காரன், பையில் பேட்ஜ் இருக்கிறது. ஏஞ்சலுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. ஒரு கதவைத் தாண்டக்கூட அவனுக்கு அனுமதி வேண்டும்.

அந்தக் கதவிலிருந்தே தொடங்குகிறேன், சீசனின் உயிர் அங்கேதான் இருக்கிறது. உயிரோடிருக்கும் மனிதர் குடியிருக்கும் வீட்டுக்குள் அங்கு வசிப்பவர் அழைக்காமல் வேம்பயர் நுழைய முடியாது. கடை, பார், அலுவலகம் போன்ற பொது இடங்களுக்கு இந்தத் தடை இல்லை. வசிப்பவர் இறந்தால் அந்த நொடியே தடை விலகிவிடும். சாதாரண டிடெக்டிவ் கதையில் நாயகன் பூட்டை உடைத்து உள்ளே போவான். இங்கே அந்த வழி அடைபட்டிருப்பதால், பாதிக்கப்பட்டவர் இவனை நம்பி அழைத்தால்தான் கேஸே நகரும். இந்த விதியை எழுத்தாளர்கள் முழுமையாகப் பயன்படுத்திய இடம் பதினைந்தாவது எபிசோடு, 'த ப்ராடிகல்'. போலீஸ் அதிகாரி கேட் லாக்லியின் தந்தை, ஓய்வுபெற்ற போலீஸ்காரர், தெரியாமல் ஒரு கும்பலுக்கு உதவிவிடுகிறார். ஏஞ்சல் எச்சரிக்க வருகிறான். அவர் உள்ளே விட மறுக்கிறார். கும்பலிலிருந்து வந்த இருவரை, அவர்கள் யாரென்று தெரியாமல், அவரே உள்ளே விடுகிறார். ஏஞ்சல் வாசலில் நின்று அழைக்கச் சொல்லிக் கத்துகிறான். திடீரென்று தடை விலகி உள்ளே விழுகிறான். அவர் இறந்துவிட்டார் என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவன் உள்ளே விழுந்ததே நமக்குச் சொல்லிவிடுகிறது.

இதோடு பின்னப்பட்ட கடந்தகாலக் காட்சிகளில், புதிதாக வேம்பயரான அதே ஏஞ்சல் தன் சொந்த வீட்டுக்குள் நுழைகிறான். அண்ணன் தேவதையாகத் திரும்பி வந்திருக்கிறான் என்று நம்பி உள்ளே அழைத்தவள் அவனுடைய சின்னத் தங்கை. அவளையும் கொன்று தந்தையையும் கொல்கிறான். ஒரு காலத்தில் அழைப்பு கிடைத்ததால் ஒரு குடும்பமே அழிந்தது. இன்று அழைப்பு கிடைக்காததால் ஒருவர் சாகிறார். ஒரே விதியை இரண்டு பக்கமும் திருப்பிக் காட்டிய இந்த 44 நிமிடங்களுக்காகவே முதல் சீசனைப் பார்க்கலாம்.

மற்ற விதிகளும் இப்படித்தான், அலங்காரத்துக்காக வைத்தவை இல்லை. பகலில் வெளியே போக முடியாது என்பதால் அலுவலகத்துக்குக் கீழேயே அடித்தளத்தில் வீடு, அங்கிருந்து சாக்கடைச் சுரங்கத்துக்கு வழி. நகரின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் பகலில் போய்ச் சேர அதுதான் அவனுக்குப் பாதை. கண்ணாடியில் பிம்பம் விழாது என்பது 'எடர்னிட்டி'யில் கதையையே திருப்புகிறது: வயதாகிறதே என்று அஞ்சும் நடிகை ஒருத்தி அப்படித்தான் அவன் யாரென்று கண்டுபிடிக்கிறாள். தன்னையும் வேம்பயராக்கச் சொல்லி, அவனுக்குத் தெரியாமல் பானத்தில் போதை மருந்து கலக்கிறாள். மருந்து தரும் செயற்கை மகிழ்ச்சியே ஏஞ்சலஸை வெளியே கொண்டுவரப் போதுமானதாகிவிடுகிறது. சாபத்தில் இப்படி ஒரு ஓட்டை இருக்கும் என்று அதுவரை நமக்குத் தோன்றியிருக்காது.

இன்னொன்று, பணம். அலுவலகத்தில் ஏஞ்சலோடு வேலை பார்க்கும் கோர்டீலியா கட்டணம் வாங்கியே ஆக வேண்டும் என்பாள். முதலில் நகைச்சுவைபோல் வரும் இந்த விஷயத்தை நான்காவது எபிசோடு 'ஐ ஃபால் டு பீசஸ்' தீவிரமாக எடுத்துக்கொள்கிறது. காசு கொடுத்துவிட்டால் கிளையன்ட்டுக்குக் கடன் தீர்ந்துவிடும், காப்பாற்றியவனையே எண்ணிக்கொண்டு காலம் தள்ள வேண்டியதில்லை என்பது இன்னொரு கூட்டாளி டாயிலின் வாதம். அந்தக் கதையில் வருபவள், தன்னை விடாமல் துரத்தும் ஒருவனுக்குப் பயந்து ஒடுங்கிக் கிடப்பவள். அவளே கட்டணத்தை நீட்டும்போது மீண்டும் சொந்தக் காலில் நிற்கத் தொடங்கிவிட்டாள் என்று புரிகிறது.

அடுத்து டாயில். தொடக்கத்தில் முதன்மை நடிகர்கள் மூன்றே பேர்: டேவிட் போரியனாஸ் (ஏஞ்சல்), கரிஸ்மா கார்ப்பென்டர் (கோர்டீலியா), க்ளென் க்வின் (டாயில்). யாருக்கு ஆபத்து என்பது பாதி அரக்கனான டாயிலுக்குத் தலை பிளக்கும் வலியோடு காட்சியாக வரும். அதை வைத்துத்தான் பல கேஸ்கள் தொடங்கும். அப்படிப்பட்டவனை ஒன்பதாவது எபிசோடிலேயே கொன்றுவிட்டார்கள். 'ஹீரோ', 1999 நவம்பர் 30. மனித ரத்தம் கலந்த அரக்கர்களை அழிக்க வந்த கூட்டத்தின் ஆயுதத்தைக் கப்பலில் தன் உயிரைக் கொடுத்து நிறுத்துகிறான். சாவதற்குமுன் கோர்டீலியாவுக்குக் கொடுக்கும் முத்தத்தோடு அந்தக் காட்சிகளும் அவளிடம் போய்விடுகின்றன. எபிசோடின் தொடக்கத்தில் அலுவலகத்துக்காக அவன் தடுமாறித் தடுமாறி நடித்த விளம்பர வீடியோ இறுதியில் மீண்டும் ஓடுகிறது. அவ்வளவுதானா, முடிந்ததா என்று அவன் கேட்பதோடு நின்றுவிடுகிறது. க்வின் 2002 டிசம்பரில், 32 வயதில், காலமானார். அதை அறிந்து இன்று பார்ப்பவர்களுக்கு அந்தக் கடைசி நிமிடம் இன்னும் கனக்கும்.

திரைக்கதை எழுத நினைப்பவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாயில் போன பிறகும் கதையின் இயந்திரம் நிற்கவில்லை. காட்சிகள் காணும் வேலை கோர்டீலியாவுக்கு மாறியதும், தன்னைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தவள் பிறர் வலியை உடம்பால் உணர வேண்டியவளாகிறாள். அடுத்த எபிசோடிலேயே, அரக்கர்கள் அவள் கண்களை ஏலம் விடுகிறார்கள், அந்தக் கண்களின் மதிப்பு அவர்களுக்குத் தெரியும். அதே எபிசோடில் வெஸ்லி வருகிறான். 'பஃபி'யில் வேலையிழந்து, அவமானப்பட்டு, இங்கே பைக்கில் ஏறி அரக்க வேட்டைக்காரன் என்று அலைபவன். ஒரு பாத்திரத்தின் இழப்பு இன்னும் இரண்டு பாத்திரங்களை ஆழமாக்கியது. நாயகனின் நண்பனைக் கொன்றுவிட்டு அவன் செய்த வேலையை யாருக்கும் பிரித்துக் கொடுக்காததால் படுத்துப்போன தொடர்கள் எத்தனையோ.

சொதப்பல்களுக்கு வருகிறேன். 'எக்ஸ்பெக்டிங்', 'ஷீ' இரண்டையும் தாராளமாக விட்டுவிடலாம். ஒன்றில் கோர்டீலியா ஒரே இரவில் அரக்கக் குழந்தைகளைச் சுமக்கிறாள். இன்னொன்றில் வேற்றுலகப் பெண்கள் அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஓடுகிறார்கள். இரண்டும் பெண்ணின் உடல்மீதான ஆதிக்கம் பற்றிப் பேச விரும்புகின்றன, ஆனால் அந்தப் பெண்களுக்கு முடிவெடுக்க ஓர் இடம்கூடத் தரவில்லை. 'ஐ ஃபால் டு பீசஸ்' தப்பித்த இடத்தில் இவை விழுந்தது இதனால்தான். 'த பேச்சலர் பார்ட்டி' டாயிலின் கடந்தகாலத்துக்காக ஒருமுறை பார்க்கலாம். 'த ரிங்' வெறும் சண்டை.

இதற்கு நேரெதிராக, அதிகம் பேசப்படாத 'ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்'. ஒரு சிறுவனுக்குள் அரக்கன் புகுந்துவிட்டான், ஓட்டியாக வேண்டும். வெளியே வரும் அரக்கனை அடைக்க ஈத்ராஸ் பெட்டி தேவை. பார்வையற்ற திபெத்தியத் துறவிகள் கையால் செய்தது. கோர்டீலியா வேறொரு பெட்டியை வாங்கி வந்துவிடுகிறாள். பெட்டி தாங்காமல் உடைகிறது, அரக்கன் தப்பிக்கிறான். ஏஞ்சல் அவனைத் தேடிப் பிடித்தால், அவன் சொல்வது நடுங்க வைக்கிறது: அந்தப் பையனுக்குள் ஆன்மாவே இல்லை, உள்ளே சிக்கிக்கொண்டு பயந்து கிடந்தவன் நான்தான். அரக்கன் போன பிறகுதான் பையன் தங்கையின் அறைக்குத் தீ வைக்கிறான். பேய் ஓட்டும் கதைகளில் இவ்வளவு கச்சிதமான திருப்பம் அபூர்வம்.

'சோம்னாம்புலிஸ்ட்'டையும் தவறவிடாதீர்கள். ஏஞ்சல் முன்பு உருவாக்கிய பென் என்ற வேம்பயர் தொடர்கொலைகாரனாக வருகிறான். நடித்தவர் ஜெரமி ரென்னர், பெரிய நட்சத்திரமாவதற்கு வெகு முன்பே. கொல்லப்பட்டவர்கள் கன்னத்தில் சிலுவைக் கீறல். கொலையாளியின் உளவியல் ஏஞ்சலுக்கு அத்துபடி, அதைக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். டிடெக்டிவே குற்றத்தின் ஊற்றாக இருக்கும் கேஸ். கடைசியில் கேட் ஏஞ்சலின் உடலைத் துளைத்து, அவனுக்குப் பின்னால் நிற்கும் பென்னின் இதயத்தில் மரக்கட்டையைச் செருகுகிறாள். அவர்கள் உறவு முறிவது உண்மையில் இங்கேதான் தொடங்குகிறது.

உச்சம், சந்தேகமில்லாமல், பதினெட்டும் பத்தொன்பதும்: 'ஃபைவ் பை ஃபைவ்', 'சாங்ச்சுவரி'. ஏஞ்சலைக் கொல்ல தீய சக்திகளுக்காக வேலை செய்யும் வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் என்ற சட்ட நிறுவனத்தின் வக்கீல்கள், 'பஃபி'யில் தீய வழிக்குப் போன வேம்பயர் வேட்டைக்காரி ஃபெய்த்தை அமர்த்துகிறார்கள். அவள் வெஸ்லியைக் கட்டிவைத்துச் சித்திரவதை செய்கிறாள். மழையில் ஏஞ்சலோடு சண்டையிட்டுக்கொண்டே, தன்னைக் கொன்றுவிடும்படி அழுது கெஞ்சுகிறாள். அவள் சண்டைக்கு வந்ததே அதற்காகத்தான். கத்தியோடு ஓடிவரும் வெஸ்லி அதைப் பார்த்துக் கத்தியைக் கீழே விடுகிறான். ஃபெய்த்தை மன்னிக்கச் சொல்லி இந்தத் தொடர் யாரையும் வற்புறுத்தவில்லை. பஃபி மன்னிக்கவும் இல்லை. ஃபெய்த் தானாகவே போலீஸில் சரணடைகிறாள். மீட்சி என்றால் தண்டனையிலிருந்து தப்பிப்பதல்ல என்பதில் தொடர் காட்டும் இந்த உறுதி எனக்கு மிகவும் பிடித்தது.

இவற்றைப் பார்க்க ஒரு வரிசை அவசியம். முதல் ஒளிபரப்பில் செவ்வாய் இரவுகளில் 'பஃபி' முடிந்ததும் 'ஏஞ்சல்' வரும். இரண்டையும் சேர்த்தே எழுதினார்கள். இப்போது தனித்தனியாகப் பார்ப்பதால் பாதி புரியாமல் போகிறது. 'பஃபி' நான்காம் சீசன் முதல் எபிசோடில் போன் ஒலிக்கும், எடுத்தால் மறுமுனையில் பேச்சில்லை. பேசாமல் வைத்தவன் ஏஞ்சல் என்பது 'ஏஞ்சல்' முதல் எபிசோடில்தான் தெரியும். அதேபோல், 'பஃபி' நான்காம் சீசனின் மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு 'ஏஞ்சல்' மூன்றாவது (வேம்பயரை அழிக்க முடியாதவனாக்கும் மோதிரம் அங்கிருந்து இங்கே வருகிறது). 'பஃபி' எட்டாவதுக்குப் பிறகு 'ஏஞ்சல்' எட்டாவது, 'ஐ வில் ரிமெம்பர் யூ'. இரண்டும் 1999 நவம்பர் 23 அன்று ஒரே இரவில் வந்தவை. ஃபெய்த்துக்காக 'பஃபி' பதினைந்து, பதினாறு முதலில், பிறகு 'ஏஞ்சல்' பதினெட்டு, பத்தொன்பது, பிறகு மீண்டும் 'பஃபி' இருபது. இந்த இடத்தில் வரிசை மாறினால் ஃபெய்த்தின் அழுகை காரணமில்லாத அழுகையாகத் தெரியும்.

நேரமே இல்லை என்பவர்கள் 1, 3, 8, 9, 10, 11, 14, 15, 17, 18, 19, 20, 21, 22 ஆகியவற்றை மட்டுமாவது பாருங்கள். இருபதில், பிறகு ஏஞ்சலின் கூட்டாளியாகும் கன் அறிமுகமாகிறான். இருபத்தொன்றில் வுல்ஃப்ராம் அண்ட் ஹார்ட் வக்கீல் லிண்ட்ஸி குழந்தைகளைக் காப்பாற்ற ஏஞ்சலிடம் வந்து, எல்லாம் முடிந்ததும் பதவி உயர்வுக்காக அந்த நிறுவனத்துக்கே திரும்பிப் போகிறான். கடைசி எபிசோடில் அலுவலகம் குண்டுவெடித்துத் தரைமட்டமாகிறது, லிண்ட்ஸி ஒரு கையை இழக்கிறான், ஏஞ்சலே அழித்த டார்லாவை வக்கீல்கள் சடங்கு செய்து ஒரு பெட்டிக்குள் உயிரோடு கொண்டுவருகிறார்கள். இரண்டாம் சீசனின் பெரும்பகுதி டார்லாவைச் சுற்றித்தான். கால்வேயில் ஏஞ்சலைக் கடித்த அவள் யார், அவளால் ஏஞ்சலின் தங்கைக்கும் தந்தைக்கும் என்ன ஆனது என்பதெல்லாம் 'த ப்ராடிகல்' பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்திருக்கும். நேராக இரண்டாவதுக்குப் போனவர்களுக்கு அவள் பெட்டிக்குள்ளிருந்து வந்த யாரோ ஒருத்தி.